மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் சோடியம் பாதித்த மேய்ச்சற்றரை மண்கள்

(க.பொ.த. உயர்தரம் – புவியியல், விவசாய விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்குரியது)

இவ்வலகைக் கற்றபின் மாணவர்,
• உவர் மண், சோடிய மண் ஆகியவற்றை வேறுபடுத்திக் கூறுவர்.
• சோடிய மண்ணின் பக்கப்பார்வையை வரைந்து பெயரிடுவர்.
• மாற்றத்தகு சோடிய வீதத்தையும் தேவைப்படும் ஜிப்சத்தின் அளவையும் கணிப்பர்.
• இம்மண்களில் மேய்ச்சலை எவ்வாறு முகாமை செய்யலாம் என விளக்குவர்.

1. அறிமுகம்

மாரி மழை விட்டு இரண்டு கிழமைக்குப் பின்னர் படுவான்கரைப் பக்கம் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஒரே தரையில் ஓரிடத்திலே புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். பத்தடி தள்ளி, பாய் விரித்தாற்போல ஒரு வெற்றிடம் இருக்கும். அதிலே கலங்கல் நீர் தேங்கி நிற்கும். வெயில் ஏறியதும் அவ்விடம் ஓடு போலக் காய்ந்து வெடிக்கும். மழையும் மாடும் இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருக்க, புல் மட்டும் ஏன் வேறுபடுகின்றது? இவ்வினாவுக்கான விடை நிலத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் உள்ளது. அவ்விடையையே இப்பாடம் விளக்குகின்றது.

பயிர் விளையாத நிலத்தைத் தமிழர் நெடுங்காலமாகக் ‘களர்’ என அழைத்தனர். கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிடும் குறளை நீங்கள் தமிழ்ப் பாடத்திற் படித்திருப்பீர்கள். இன்றைய மண்ணியலில் உப்பு மிகுந்த மண்ணை உவர் மண் என்றும், சோடியம் மிகுந்த மண்ணைக் களர் மண் அல்லது சோடிய மண் என்றும் பிரித்து வழங்குவர்.

2. பிரதேசத்தின் பௌதிகப் பின்னணி

மட்டக்களப்பு வாவி கரைக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. பாலமீன்மடுவுக்கு அருகிலும் கல்லாற்றுக்கு அருகிலும் அது கடலுடன் தொடர்புறுகின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே வயலும் மேய்ச்சற்றரையும் குளங்களும் பரந்துள்ள நிலம் படுவான்கரை எனப்படும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி ஆகியன மாவட்டத்தின் முக்கிய நீர்ப்பாசனக் குளங்களாகும்.

காலநிலை: இது உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர். இதன் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைக்கின்றது. மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஆவியாதல் மழையை விஞ்சி நிற்கும். அக்காலத்தில் நிலத்தடி நீர் மயிர்த்துளைகளின் வழியே மேலெழும். நீர் ஆவியாகிவிட, அதிற் கரைந்திருந்த உப்பு மண்ணிலே தங்கிவிடும்.

தாய்ப்பாறை: கிழக்கிலங்கையின் அடித்தளப் பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்த பழைய நைஸ் பாறையாகும். இதிலுள்ள பெல்சுபார் கனியங்களின் ஒரு பகுதி சோடியத்தைக் கொண்டது. பாறை வானிலையாலழியும்போது அச்சோடியம் விடுபடுகின்றது.

ஒப்பீடு: வட அமெரிக்காவின் பெருஞ் சமவெளியில், குறிப்பாக வட, தென் டக்கோட்டா மாநிலங்களில், மென்மையான மணற்கல், மண்டிக்கல் ஆகியவற்றின் மேல் இருவாட்டி மண் அமைந்த மேய்ச்சற்றரைகள் உள்ளன. அங்கும் சோடியம் பாதித்த மண்ணில் வெற்றுத் திட்டுகள் தோன்றுகின்றன. அங்கே சோடியத்தின் மூலம் அடிப்பாறையும் அதனூடாக ஊறிவரும் நீருமாகும். எமது பிரதேசத்தில் மென்மணற்கல் இல்லை. இலங்கையில் மணற்கல் புத்தளம் மாவட்டத்துத் தப்போவை, ஆண்டிகமை போன்ற சில இடங்களிலேயே காணப்படுகின்றது. மட்டக்களப்பில் சோடியம் நைஸ் பாறையின் அழிவாலும், அதைவிட அதிகமாக வாவியின் உவர்நீராலும் வருகின்றது. மூலம் வேறாயினும் மண்ணுக்கு நேரும் விளைவு ஒன்றே. ஒப்பீட்டு வினாவுக்கு விடை எழுதும்போது இவ்வேறுபாட்டைத் தவறாது குறிப்பிடுக.

3. இப்பிரதேசத்தின் மண்வகைகள்

இலங்கையின் மண்வகைகளை மூர்மன், பானபொக்கே ஆகியோர் 1961இல் பெரும் மண் தொகுதிகளாகப் பாகுபடுத்தினர். அதற்கிணங்க வாவிப் பிரதேசத்திற் காணப்படுவன:
அ) கல்சியமில் கபில நிற மண் – மேட்டு நிலங்களில், மணற்பாங்கானது, உக்கல் குறைந்தது.
ஆ) வண்டல் மண் – ஆற்றோரங்களிலும் வயல்நிலங்களிலும்.
இ) றெகோசொல் மண் – எழுவான்கரையின் மணற்றிடரில்.
ஈ) சொலொடைஸ்ட் சொலொனெற்ஸ், சொலொன்சக் மண்கள் – வாவியோரத் தாழ்ந்த சமதரைகளில்.

இறுதியாகக் கூறியவையே இப்பாடத்தின் பொருள். ‘சோல்’ என்பது ரஷ்ய மொழியில் உப்பைக் குறிக்கும். சொலொன்சக் என்பது உப்பு மிகுந்த மண். சொலொனெற்ஸ் என்பது சோடியம் மிகுந்த மண். சொலொடைஸ்ட் சொலொனெற்ஸ் என்பது மேற்படையிலிருந்து சோடியம் கழுவப்பட்டு, கீழ்ப்படையில் இன்னும் தங்கியிருக்கும் மண்.

4. உவர் மண்ணும் சோடிய மண்ணும்

பின்வரும் எல்லைப் பெறுமானங்கள் ஐக்கிய அமெரிக்க உவர்மண் ஆய்வுகூடம் 1954இல் வெளியிட்ட கைந்நூலை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றை மனனஞ் செய்க.

உவர் மண்: மின்கடத்துதிறன் 4 இலும் கூட, மாற்றத்தகு சோடிய வீதம் 15 இலும் குறைவு, பீ.எச். 8.5 இலும் குறைவு.
சோடிய மண்: மின்கடத்துதிறன் 4 இலும் குறைவு, மாற்றத்தகு சோடிய வீதம் 15 இலும் கூட, பீ.எச். பெரும்பாலும் 8.5 இலும் கூட.
உவர்-சோடிய மண்: மின்கடத்துதிறன் 4 இலும் கூட, மாற்றத்தகு சோடிய வீதம் 15 இலும் கூட, பீ.எச். பெரும்பாலும் 8.5 இலும் குறைவு.

(மின்கடத்துதிறன் நிரம்பல் சாற்றில் டெசிசீமன்/மீற்றர் அலகில் அளக்கப்படும்.)

மாற்றத்தகு சோடிய வீதம் = (மாற்றத்தகு சோடியம் ÷ கற்றயன் மாற்றக் கொள்ளளவு) × 100

சோடியப் புறத்துறிஞ்சல் விகிதம் = சோடியம் ÷ √[(கல்சியம் + மகனீசியம்) ÷ 2]
(செறிவுகள் யாவும் ஏற்ற மில்லிமோல்/லீற்றரில். இவ்விகிதம் 13ஐத் தாண்டினால் சோடியப் பாதிப்பு எனக் கொள்ளப்படும்.)

உதாரணம்: கடல்நீரின் ஒரு லீற்றரில் சோடியம் ஏறத்தாழ 468, மகனீசியம் 106, கல்சியம் 21 ஏற்ற மில்லிமோல் உள்ளன.
(106 + 21) ÷ 2 = 63.5, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.
468 ÷ 8 = ஏறத்தாழ 59.
இது எல்லைப் பெறுமானத்தின் நான்கு மடங்கிலும் கூடியது. வாவிக்குள் கடல்நீர் புகுந்து கரையோர வட்டைகளை நனைத்தால் மண்ணுக்கு என்ன நேரும் என்பதை இவ்வெண்ணே சொல்லிவிடுகின்றது.

5. சோடியம் மண்ணைக் கெடுக்கும் விதம்

களித் துணிக்கையின் மேற்பரப்பு மறையேற்றம் உடையது. எனவே அது நேரேற்றமுள்ள கற்றயன்களைப் பற்றிக்கொள்ளும். கல்சியம் இரட்டை ஏற்றமுடையது. களித் துணிக்கைகளை நெருக்கமாகப் பிணைத்து மணியுருவாக்கும். மணிகளுக்கிடையே உள்ள துளைகளால் நீரும் வளியும் செல்லும். சோடியம் ஒற்றை ஏற்றமுடையது. தன்னைச் சுற்றித் தடித்த நீருறையைக் கொண்டது. சோடியம் மிகுந்தால் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளும். மணி உடைந்து களி நீரிலே கலையும். கலைந்த களி துளைகளை அடைத்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க. மண்ணீரில் உப்பின் செறிவு உயர்வாக இருக்கும்வரை களி கலையாது. உப்பு, துணிக்கைகளை ஒன்றுசேர்த்தே வைத்திருக்கும். நல்ல மழைநீர் பெய்து உப்பைக் கழுவிய பின்னரே கலைதல் தொடங்கும். இதனாலேயே உவர்-சோடிய நிலத்துக்குக் கல்சியம் இடாமல் நன்னீர் மட்டும் பாய்ச்சினால் அது முன்னையிலும் மோசமாகின்றது. ‘உப்பு நிலத்தைக் கழுவினால் போதும்’ என எழுதுவது மாணவர் அடிக்கடி விடும் தவறாகும்.

மண் உருவாகும் படிகள்:
படி 1 – உவராதல்: ஆவியாதலால் உப்புச் சேர்கின்றது. (சொலொன்சக்)
படி 2 – சோடியமாதல்: மழையால் உப்புக் கழுவப்பட, களியில் ஒட்டிய சோடியம் எஞ்சுகின்றது, களி கலைந்து கீழிறங்குகின்றது. (சொலொனெற்ஸ்)
படி 3 – சொலொடாதல்: மேற்படையில் சோடியத்தின் இடத்தை ஐதரசன் பிடிக்கின்றது, மேற்படை வெளிறி அமிலத்தன்மை அடைகின்றது. (சொலொடைஸ்ட் சொலொனெற்ஸ்)

6. மண்ணின் பக்கப்பார்வை

மேற்படை: மெல்லியது, மணல் கலந்த இருவாட்டி. அமிலம் அல்லது நடுநிலை. புல்வேர்களிற் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கும்.
வெளிறிய படை: களியும் உக்கலும் கழுவப்பட்ட சாம்பல் நிறப் படை. காய்ந்தபின் மா போல உதிரும்.
சோடியக் களிப்படை: மேலுள்ள படையிலிருந்து திடீரெனப் பிரியும். தூண் வடிவக் கட்டமைப்பு. தூண்களின் தலை உருண்டிருக்கும். காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. நனைந்தால் பசைபோல ஒட்டும். பீ.எச். உயர்வு.
அடிப்படை: உப்புகளும் சில இடங்களில் காபனேற்றுகளும் சேர்ந்த, வானிலையாலழிந்த பொருள்.

நினைவிற் கொள்க: மேற்படையை மட்டும் எடுத்துச் சோதித்தால் இம்மண் நல்ல மண்போலத் தோன்றும். மாதிரியை இரண்டு ஆழங்களில் எடுத்தல் வேண்டும்.

மேற்படை சற்றுத் தடித்த இடத்தில் வேருக்கு நீரும் இடமும் கிடைக்கும். அங்கே புல் நிற்கும். மேற்படை அரிக்கப்பட்டுக் களிப்படை வெளித்தெரியும் இடமே நாம் அறிமுகத்திற் கண்ட வெற்றுத் திட்டு.

7. செயன்முறை: மண்கட்டிச் சோதனை

தேவையானவை: இரண்டு கண்ணாடிக் குவளை, மழைநீர், சிறிதளவு ஜிப்சம், களிப்படையிலிருந்து பெற்ற பயறளவான உலர்ந்த மண்கட்டிகள்.

முறை: முதற் குவளையில் மழைநீரும், இரண்டாவதில் ஜிப்சம் கரைத்துத் தெளிந்த நீரும் எடுக்க. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியை மெல்ல இடுக. அசைக்காமல் இரண்டு மணித்தியாலம் விடுக.

அவதானம்: சோடிய மண்ணாயின் முதற் குவளையில் கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் படரும். இரண்டாவதில் கட்டி உடைந்தாலும் நீர் தெளிவாகவே இருக்கும்.

முடிவு: கட்டி சிறு துண்டுகளாக உடைவது ‘உதிர்தல்’, இது உக்கல் குறைந்த எம்மண்ணிலும் நிகழும். நீர் கலங்குவது ‘கலைதல்’. இதுவே சோடியத்தின் அடையாளம். கிணற்று நீரைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள உப்பு கலைதலைத் தடுத்து முடிவைப் பிழையாக்கும்.

8. மேய்ச்சற்றரையும் பட்டிக்காரரும்

மட்டக்களப்பின் தயிருக்கும் பாலுக்கும் அடிப்படை பட்டி மாடுகளே. மாரியில் வேளாண்மை நடக்கும்போது மாடுகள் வட்டைகளை விட்டு வெளியேற வேண்டும். அவை மேற்கேயுள்ள மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் இடங்களுக்கும், வயலுக்கு உதவாத தாழ்நிலங்களுக்கும் கொண்டுசெல்லப்படும். அறுவடை முடிந்தபின் வைக்கோலையும் அடிக்கட்டையையும் மேய அவை வட்டைக்குத் திரும்பும்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. மாடுகள் வாவியோரத் தாழ்நிலங்களில் ஒதுங்கி நிற்கும் மாரிக்காலமே சோடிய மண் மிகப் பலவீனமாக இருக்கும் காலம். நனைந்து கலைந்த மண்ணைக் குளம்பு மிதித்துப் பிசைகின்றது. துளைகள் மூடுகின்றன, மேற்படை சேறாகி நீரோடு போகின்றது. அடுத்த கோடையில் வெற்றுத் திட்டு ஒரு முழம் பெருக்கின்றது. மேய்ச்சல் இடம் சுருங்க, எஞ்சிய புல்லில் அதே தொகை மாடு நிற்கும். மிதிப்பு மேலும் கூடும். பட்டிக்காரருக்கு இது பாற்குறைவாகவும், கோடையில் மாட்டின் மெலிவாகவும் வந்து சேர்கின்றது. தீனி வாங்கிப் போட முடியாத குடும்பம் மாட்டை விற்கின்றது. ஆகவே இது வெறும் மண்ணியல் விடயமன்று, வாழ்வாதார விடயமுமாகும்.

முகத்துவாரத்தின் பங்கு: கோடையில் வாவியின் வாயை மணற்றிடர் மூடும். மாரி வெள்ளத்தில் அது திறக்கும். சில வேளைகளில் வெட்டித் திறக்கப்படும். பிந்தித் திறந்தால் கரையோர வயல்கள் மூழ்கும். நன்னீர் வரத்துக் குறைந்த காலத்தில் திறந்தால் உவர்நீர் உள்ளே வரும். மீன்பிடிப்போருக்கும் கமக்காரருக்கும் மேய்ப்போருக்கும் இதில் நலன்கள் வேறுபடுவதால், திறக்கும் காலத்தைக் கலந்து பேசித் தீர்மானித்தல் அவசியம்.

சுனாமி: 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் எழுவான்கரை நிலங்களிலும் கிணறுகளிலும் புகுந்தது. மணற்பாங்கான றெகோசொல் மண்ணில் களி மிகக் குறைவு. எனவே அங்கே சோடியம் ஒட்டுவதற்கு இடமில்லை. உப்பை மழை கழுவிச் செல்ல முடியும். களி மிகுந்த தாழ்நிலத்தில் அவ்வாறு இலகுவாக நிகழாது. ஒரே கடல்நீர் இருவகை மண்ணில் இருவேறு விளைவைத் தரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

9. சீர்திருத்தமும் முகாமையும்

அ) கல்சியம் இடல்: ஜிப்சம் இட்டால் கல்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். விடுபட்ட சோடியம் சல்பேற்றாகக் கரைந்து வடிகாலால் வெளியேற வேண்டும். வடிகால் இன்றேல் ஜிப்சத்தால் பயனில்லை.

கணிப்பு: ஒரு மண்ணின் கற்றயன் மாற்றக் கொள்ளளவு 18, மாற்றத்தகு சோடியம் 3.6 ஏற்ற சென்டிமோல்/கிலோகிராம் எனக் கொள்க.
சோடிய வீதம் = (3.6 ÷ 18) × 100 = 20.
இதனை 10 ஆகக் குறைக்க வேண்டின் நீக்கவேண்டிய சோடியம் = 18இன் 10 வீதம் = 1.8 அலகு.
1 ஹெக்டெயரில் 15 சென்டிமீற்றர் ஆழ மண்ணின் திணிவு ஏறத்தாழ 20 இலட்சம் கிலோகிராம். இதில் 1 அலகு சோடியத்தை நீக்க 1.72 தொன் தூய ஜிப்சம் வேண்டும்.
தேவை = 1.8 × 1.72 = 3.1 தொன்/ஹெக்டெயர்.
ஜிப்சத்தின் தூய்மை 80 வீதமாயின் 3.1 ÷ 0.8 = ஏறத்தாழ 3.9 தொன்.

நெல்வயலுக்கு இச்செலவு பொருந்தலாம். பரந்த பொது மேய்ச்சற்றரைக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அங்கே பின்வரும் முறைகளே நடைமுறைக்கு உகந்தவை.

ஆ) நனைந்த காலத்தில் ஓய்வு: நிலத்தில் குளம்பு புதையும் காலத்தில் மாட்டை மேட்டு நிலத்துக்கு மாற்றல்.
இ) சுழற்சி மேய்ச்சல்: தரையைப் பகுதிகளாக்கி ஒன்றை மேய்க்கும்போது மற்றவற்றை வளரவிடல்.
ஈ) சேதனப் பொருள் இடல்: எருவும் வைக்கோலும் வெற்றுத் திட்டில் பரப்பல். இது ஆவியாதலைக் குறைக்கும், மணியுருவாதலுக்கு உதவும்.
உ) தாங்கும் புல்: அறுகு ஓரளவு உவரையும் சோடியத்தையும் தாங்கும். இந்தியாவில், 1969இல் நிறுவப்பட்ட மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள கர்னால் பகுதியின் பெயரால் வழங்கும் கர்னால் புல், சோடிய நிலத்தில் முதலில் வளர்க்கத்தக்கது. அதன் வேர்கள் களியைத் திறந்து நீர் இறங்க வழிசெய்யும்.
ஊ) ஆழ உழாமை: ஆழ உழுதால் கெட்ட களிப்படை மேலே வரும்.
எ) தாங்கும் நெல்லினம்: உவர் வயலுக்கு ஏ.ரி. 354 போன்ற இலங்கை இனங்களும், சோடிய வயலுக்குத் தமிழ்நாட்டின் திருச்சி 1, திருச்சி 3 ஆகியனவும் உதாரணங்கள். உவரைத் தாங்கும் இனம் சோடியத்தையும் தாங்கும் எனக் கொள்ளலாகாது.

10. பயிற்சி வினாக்கள்

1. மின்கடத்துதிறன் 2.5, மாற்றத்தகு சோடிய வீதம் 22, பீ.எச். 8.9 உடைய மண்
(1) உவர் மண் (2) சோடிய மண் (3) உவர்-சோடிய மண் (4) சாதாரண மண்

2. தூண் வடிவக் கட்டமைப்புக் காணப்படுவது
(1) மேற்படையில் (2) வெளிறிய படையில் (3) களிப்படையில் (4) தாய்ப்பாறையில்

3. மண்கட்டிச் சோதனையில் சோடியத்தைக் காட்டுவது
(1) கட்டி மிதத்தல் (2) கட்டி உதிர்தல் (3) நீர் கலங்கல் (4) குமிழி எழல்

4. உவர்-சோடிய நிலத்தை நன்னீரால் மட்டும் கழுவினால்
(1) களி கலையும் (2) சோடியம் முற்றாக நீங்கும் (3) பீ.எச். குறையும் (4) துளைகள் பெருகும்

விடைகள்: 1–(2), 2–(3), 3–(3), 4–(1)

அமைப்புக் கட்டுரை வினா: படுவான்கரையிலுள்ள பட்டிக்காரர் ஒருவரின் மேய்ச்சல் நிலத்தில் வெற்றுத் திட்டுகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. மேற்படையின் பீ.எச். 6.4 எனக் கண்ட அயலவர், ‘மண்ணிலே குறையில்லை, மழைதான் குறைவு’ என்கின்றார். இக்கூற்றை ஆராய்க.

விடைக்குரிய குறிப்புகள்:
• சொலொடாதலால் மேற்படை அமிலமாகலாம். எனவே இப்பெறுமானம் சோடியம் இல்லை என நிறுவாது.
• களிப்படையில் தனி மாதிரி எடுத்து மின்கடத்துதிறன், சோடிய வீதம் ஆகியவற்றை அறிதல் வேண்டும். உடனடியாக மண்கட்டிச் சோதனை செய்யலாம்.
• அருகிலே அதே மழையில் புல் நன்கு வளர்வதால் மழைக்குறைவு மட்டும் காரணமாகாது. மழை பெய்தும் நீர் உட்புகாமையே காரணமாகலாம்.
• மாரியில் ஓய்வு, சுழற்சி மேய்ச்சல், எரு பரப்பல் ஆகியவற்றைப் பரிந்துரைக்க. சோதனை முடிவுடன் விவசாயப் போதனாசிரியரை அணுகுமாறு கூறுக.

பரீட்சைக் குறிப்பு: ‘உப்பு’, ‘சோடியம்’ ஆகிய இரு சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதாதீர்கள். உப்பு புல்லை நீர் பருகவிடாது தடுக்கின்றது. சோடியம் நீரை மண்ணுக்குள் இறங்கவிடாது தடுக்கின்றது. இவ்விரு வசனங்களையும் விளங்கிக்கொண்டால் இவ்வலகின் வினாக்களுக்கு விடையளிப்பது இலகு. பாடசாலை விடுமுறையில் உங்கள் ஊர்த் தரையில் ஒரு வெற்றுத் திட்டைத் தேடி, அதன் ஓரத்தில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். படத்திலுள்ள படைகளை நேரிலே காண்பீர்கள்.